எமில்டா ஏலம் கூறிய மஞ்சள் சீலா

திரேஸ்புரம் கரையில் எமில்டா ஏலம் கூற நின்றால் முதலில் மீனின் கெட்ட பக்கத்தைத்தான் காட்டுவாள். வலை அறுத்த தழும்போ, நண்டு கடித்த வாலோ, வெளுத்துப்போன செவுளோ, எது இருந்தாலும் அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வைப்பாள். "நல்லா பாத்துக்கிடுங்க. இது இப்பிடித்தான் இருக்கு. பொறவு வந்து எங்கிட்ட மூக்கால அழக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் விலையைத் தொடங்குவாள். மற்ற ஏலக்காரர்கள் தண்ணீர் தெளித்துப் பளபளப்பான பக்கத்தை மேலே வைக்கிறவர்கள். இவள் செய்கிற வேலையைப் பார்த்து ஆரம்பத்தில் படகுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். ஆறு மாதம் கழித்து, அவள் கூறும் மீனுக்கு மட்டும் நூறு ரூபாய் கூடவே விழுவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். எமில்டா சொல்லிவிட்டால் வியாபாரிகள் குனிந்துகூடப் பார்க்காமல் விலை கேட்டார்கள், விஷயம் அவ்வளவுதான்.

வயது ஐம்பத்து மூன்று. கணவர் இனிகோ கப்பல்காரர், வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பார். மகள் விஜிலா வங்கியில் வேலை பார்க்கிறாள். எமில்டாவின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தைந்து வருடமாக அலைச் சத்தத்தையும் படகு இன்ஜின் சத்தத்தையும் தாண்டி விலை கூறிப் பழகிய குரல் அது, வீட்டுக்குள் அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்லுவார்கள்.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு கிறுக்கு. அமெரிக்காவின் பழைய கார்கள். அதுவும் எல்லாக் காரும் இல்லை; அறுபதுகளின் கடைசியிலும் எழுபதின் தொடக்கத்திலும் அங்கே செய்த, பெரிய இன்ஜின் வைத்து உறுமுகிற மசில் கார்கள்.

இது தொற்றிக்கொண்டது இனிகோவால்தான். பத்து வருடத்துக்கு முன்னால், கார் ஏற்றுகிற கப்பலில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த மனிதர், சும்மா இருக்காமல் ஒரு நாள் மதியம் கைப்பேசியை நீட்டினார்.

"ஏளா, இங்கன வா. ஒன் சீலா மீனு அமெரிக்கால என்ன வெலைக்குப் போவுதுன்னு பாரு."

பாரகுடா என்பது சீலா மீனுக்கு ஆங்கிலப் பெயர். அந்தப் பெயரை ஒரு காருக்கு வைத்திருந்தார்கள். எழுபத்தோராம் வருடத்து வண்டி, கூரையைத் திறந்து மூடலாம், அதில் இருப்பதிலேயே பெரிய இன்ஜின். ஏலத்தில் முப்பத்தைந்து லட்சம் டாலருக்குப் போனது. அதை ரூபாயில் சொன்னபோது எமில்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று காலையில்தான் அவள் அசல் சீலா மீனைக் கிலோ இருநூறு என்று கூவி விற்றுவிட்டு வந்திருந்தாள்.

"இந்தச் சீலாக்குள்ள என்ன தங்கமா இருக்கு?"

"தங்கம் இல்ல. இந்த மாதிரி மொத்தத்துல ஒரு டஜன் வண்டிதான் செஞ்சிருக்கானாம்."

அன்றைக்கு அவளைப் பிடித்து இழுத்தது கார் இல்லை. அந்த ஏலக்காரன். நாக்கு புரளுகிற வேகத்தில் ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்கு அப்படியே விளங்கியது. இரண்டு ஆட்களைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒருவன் ஆசையை எடுத்து இன்னொருவனிடம் காட்டிக்கொண்டிருந்தான். அதைத்தானே அவளும் தினம் செய்கிறாள். தன் தொழிலை ஒருவன் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறான் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் கரையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கைப்பேசியில் கார் ஏலம்தான். ஜனவரி வந்துவிட்டால் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பெரிய ஏலங்கள், எமில்டாவைக் கையில் பிடிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கதிகள் பிடிபட்டன. ஒரே வருடம், ஒரே கார், ஒன்று முப்பதாயிரம் டாலருக்குப் போகும், பக்கத்தில் நிற்பது இரண்டு லட்சத்துக்குப் போகும். வண்டியோடு பிறந்த இன்ஜினே இன்னும் உள்ளே இருக்க வேண்டும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால் இன்னும் விசேஷம், மங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை, புதிதாக அடித்துவிடக் கூடாது. காகிதம் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

கரையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "துருப்பிடிச்ச காருக்குக் கோடி ரூவாயா? எமில்டாக்காவுக்கு முத்திப்போச்சு" என்பார்கள். அவள் விடமாட்டாள். ஏல வீடியோவைப் பாதியில் நிறுத்தி, விலையைச் சொல்லிவிட்டு, பிறகு ஓடவிடுவாள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். பத்து வருடத்தில் அவள் காசு கொடுத்து டீ குடித்தது குறைவு.

"அது எப்பிடிக்கா ஒனக்குத் தெரியுது?" என்று ஒருமுறை தம்பி ஜாக்சன் கேட்டான். படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அவன்.

"கோயில் திருநாள்ல காணிக்கைச் சேவல ஏலம் விடுதாங்கல்லா, போன வருசம் பன்னெண்டாயிரத்துக்குப் போச்சே, சேவலப் பாத்தா கேட்டான்? எதுக்க நின்னவன் விடலன்னுதான கேட்டான்? நான் காரப் பாக்கதே இல்லலே. கேக்கிற ரெண்டு பேரு மொகத்தத்தான் பாக்கேன்."

இப்படியாக எமில்டாவின் ஞானம் டீக்கடையோடு நின்றுபோயிருந்தது. போன பிப்ரவரியில் விஜிலா ஒரு செய்தியோடு வீட்டுக்கு வந்தாள்.

டூவிபுரத்தில் செங்கமலவல்லி டீச்சர் என்று ஒருவர். விஜிலாவுக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்றும் விடாமல் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவர். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வைணவக் குடும்பம். அவர் கணவர் அனந்தபத்மநாபன் அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் என்ஜினியராக இருந்து, எழுபத்தைந்தில் துறைமுக வேலைக்குத் திரும்பி வந்தவர். வரும்போது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தார். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. கார் இன்னும் ஷெட்டில் நிற்கிறது.

"டீச்சர் அத வித்துட்டு ஷெட்ட இடிச்சிக் கணக்கு கிளாஸுக்கு ஒரு ஹால் கட்டப் போறாங்களாம். மதுரையில இருந்து ஒரு புரோக்கர் வந்து பன்னெண்டு லட்சத்துக்குக் கேட்டிருக்கான். ஹாலுக்கும் பன்னெண்டுதான் எஸ்டிமேட்டாம். நாளைக்கிக் காசு குடுக்க வாரானாம்" என்றாள் விஜிலா.

"என்ன காரு?"

"நான் என்னத்தக் கண்டேன். மஞ்சளா இருக்கும். பின்னால ஏதோ குடான்னு எழுதியிருக்கும்."

எமில்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஷெட்டைத் திறந்த டீச்சர் காரைக் காட்டிய விதமே வேடிக்கையாக இருந்தது. பிடிக்காத உறவுக்காரரை அறிமுகம் செய்கிற மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். "இதுதான் என் சக்களத்தி. எழுபத்தொன்பதுல கல்யாணம் ஆகி வந்தேன், எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துண்டிருந்தா. ஞாயித்துக்கிழமை ஆனா அவர் இவளோடதான் இருப்பார். நான் ஒரு நாள்கூட இதுல ஏறினதில்லை. எனக்கு என்ன ரோஷம் இருக்காதா?"

எமில்டா காதில் பாதிதான் விழுந்தது. எதிரே ஒரு எழுபதாம் வருடத்து பாரகுடா நின்றுகொண்டிருந்தது. பத்து வருடமாக உள்ளங்கை அகலத்தில் பார்த்ததை முழு உருவத்தில் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. எலுமிச்சை மஞ்சள். மங்கியிருந்தது. கதவுக்கு அடியில் உப்புக்காற்று தின்ற துரு. ஒரு டயரிலும் காற்றில்லை. ஆனால் ஒருவர் கையும் படாத பெயின்ட்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தோடு காருக்கு அடியில் படுத்தாள். இன்ஜினில் வலது பக்கம் கீழே ஒரு எண் பதித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முன்கண்ணாடிக்கு அடியில் டாஷ்போர்டிலும் ஒரு எண் இருக்கும். டீச்சரை மேலே நிறுத்தி அந்த எண்ணைப் படிக்கச் சொன்னாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி, வகுப்பில் சொல்லுவதுபோல் சொன்னார். அடியில் அழுக்கைத் துடைத்துத் துடைத்து எமில்டா ஒத்துப்பார்த்தாள். கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்துப்போனது. பிறகு பின்சீட்டைத் தூக்கி, ஸ்பிரிங்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். தொழிற்சாலையில் வண்டி செய்யும்போது ஒட்டுகிற தாள் சில வண்டிகளில் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். அப்பளம் மாதிரி நொறுங்குகிற நிலையில் அது வந்தது.

"டீச்சர், பன்னெண்டுக்குக் குடுத்துராதிய. நாப்பதுக்குக் கொறையாம போவும். அமெரிக்கான்னா அறுபது. நான் ஏலம் விட்டுத் தாரேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாப்பதுன்னு எப்படிக் கணக்குப் போட்டே? ஸ்டெப்ஸ் சொல்லு."

"ஒரு ஆளு வந்து கேட்டா அது வெலையே இல்ல டீச்சர். ரெண்டு பேரு கேட்டாத்தான் வெல."

அதில் ஸ்டெப்ஸ் ஒன்றும் இல்லை. ஆனாலும் டீச்சர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் பணப்பையோடு வந்த புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார். போகும்போது அவன், "திரும்ப வருவேன், அப்ப பன்னெண்டு இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். இதை விஜிலா வந்து சொன்ன அன்றுதான் எமில்டா முதன்முறையாகப் பயந்தாள். டீயை வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு. ஒரு அம்மாள் கைக்கு வந்த ஹாலைத் தன் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிட்டார் என்பது வேறு.

விஜிலா படங்களையும் எண்களையும் அந்தத் தாளையும், கார் வந்தபோது வாங்கிய சுங்க ரசீதையும் பழைய கார் சேகரிப்பவர்களின் குழுக்களில் போட்டாள். நிறையப் பேர் விசாரித்தார்கள். நேரில் வருவதாகச் சொன்னவர்கள் இரண்டு பேர்: கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ரங்கநாத், சென்னையில் கண் டாக்டர் பத்மஸ்ரீ. ஏலம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மதியம், தூசியைத் துடைத்து வைக்கச் சொல்லித் தம்பி ஜாக்சனை அனுப்பினாள். அங்கேதான் வந்தது வினை. இந்தக் கரையில் ஒருவனும் படகைப் பெயின்ட் அடிக்காமல் விற்கமாட்டான். விற்கிற படகு மங்கலாக நின்றால் அது விற்பவனுக்கே மரியாதைக் குறைவு. அக்காள் முதன்முதலாக வெளியே போய் ஏலம் கூறப் போகிறாள், அவள் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று ஜாக்சன் தன் கைக்காசில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறான். சாயங்காலம் எமில்டா போய்ப் பார்த்தபோது இடது பக்கக் கதவு முழுக்கப் படகு நீலத்தில் பளபளவென்று இருந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் வளைவாக 'மாதா துணை' என்று எழுதி, கீழே ஒரு சின்னப் பூவும் போட்டு முடித்திருந்தான். அடுத்த கதவுக்குப் போகத் துணியை உதறிக்கொண்டிருந்தான்.

எமில்டா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, அந்தப் பெயின்டுதாம்லே வெலையே! அம்பது வருசம் ஒருத்தனும் கை வைக்காத பெயின்டுலே!"

"இல்லக்கா, மங்கிப்போயிக் கெடந்துச்சு, அதான்..." அவன் முகம் செத்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த டீச்சர் கதவை நிதானமாகப் படித்தார். அந்த வீட்டு வாசல் நிலையில் சங்கும் சக்கரமும் பளிச்சென்று இருக்கின்றன. "அம்மா துணைன்னா அதுல என்ன தப்பு? எழுத்து நன்னாத்தான் இருக்கு" என்றார். ஜாக்சனுக்கு மோர் கொடுத்தார். எமில்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாமா என்று ஒரு துணியை எடுத்தாள், பிறகு கீழே போட்டாள். தேய்த்தால் அடியில் இருக்கும் மஞ்சளும் கூடவே வந்துவிட்டால் என்ன செய்வது?

சனிக்கிழமை ஒன்பதரைக்கே மூன்று பேரும் வந்துவிட்டார்கள். புரோக்கர் சொன்னபடியே வந்திருந்தான். ரங்கநாத் வெள்ளைச் சட்டை, வாயைத் திறக்காத மனிதர். பத்மஸ்ரீ நாற்பது வயதுக்காரி, காரைப் பார்க்காமல் டீச்சர் வீட்டுத் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது விஜிலா வந்து அம்மா காதில், மெயின்ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் கார் ஏற்றுகிற லாரி ஒன்று காலியாக நிற்பதாகச் சொன்னாள். சென்னை எண்ணாம். ஐஸ் பெட்டியோடு கரைக்கு வருகிற வியாபாரி வாங்காமல் போகமாட்டான் என்பது எமில்டாவுக்குத் தெரியும். அந்தத் துளசிச் செடியைப் பார்க்கும் கண்களை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அவர்களை நேராக இடது பக்கம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மொதல்ல இதப் பாருங்க. நேத்து எந்தம்பி தெரியாம அடிச்சிட்டான். படகுக்கு அடிக்கிற பெயின்ட். கீழ மஞ்ச அப்பிடியேதான் இருக்கு, பக்குவமா எடுத்தா வரும், வராமலும் போவலாம். அடியில துரு இருக்கு, கையை விட்டுப் பாருங்க. இன்ஜின் ஓடி இருவத்தெட்டு வருசம் ஆச்சு. இது அம்புட்டும் கொறை. இனி நல்லதச் சொல்லுதேன்." எண், தாள், ரசீது, ஒவ்வொன்றையும் காட்டினாள். மூன்று பேரும் பார்த்தார்கள். ரங்கநாத்தின் டிரைவர் 'மாதா துணை'யைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

"ஏலம் தொடங்குதேன். மூணுதரம் சொன்னா முடிஞ்சிது, பொறவு பேச்சில்ல. கேளுங்க" என்று எமில்டா குரலை உயர்த்தினாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. கரையில் குறைந்தபட்ச விலை என்ற ஒன்று கிடையாது. மீன் காத்திருக்காது, வந்த விலைக்கு விட்டாக வேண்டும். அமெரிக்காவில் அப்படி இல்லை. இந்த விலைக்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று முன்னாலேயே வைத்துக்கொள்வார்கள். பத்து வருடத்தில் ஆயிரம் முறை பார்த்திருப்பாள். இன்று வாய் இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கரை வழக்கத்தைச் சொல்லிவிட்டது. சொன்ன வார்த்தையை நடு ஏலத்தில் மாற்றினால் அவள் எமில்டா இல்லை.

"எட்டு" என்றான் புரோக்கர், நீலக் கதவைக் காட்டிக்கொண்டே.

"எட்டு லச்சம்! எட்டு, எட்டு, எட்டு! கேளுங்கய்யா, கேளுங்கம்மா!"

ரங்கநாத் வானத்தைப் பார்த்தார். பத்மஸ்ரீ துளசிச் செடியைப் பார்த்தாள். பெரிய வியாபாரிகள் கடைசி நிமிடம் வரை வாய் திறக்கமாட்டார்கள் என்று எமில்டாவுக்குத் தெரியும். ஆனால் கரையில் அவர்களுக்கு அவளைத் தெரியும், அவளுக்கு அவர்களைத் தெரியும். இந்தப் பட்டணத்து மனிதர்களுக்குக் கத்தி விலை கேட்பதே கூச்சமாக இருந்தால்?

"எட்டு ஒருதரம்!"

புரோக்கர் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டான். எமில்டாவின் கண்முன்னால் ஒரு ஹாலின் சுவர் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தது.

"எட்டு... ரெண்டுதரம்!"

"பதினஞ்சு!"

எல்லோரும் திரும்பினார்கள். வாசற்படியில் செங்கமலவல்லி டீச்சர் வகுப்பில் கை தூக்கும் பிள்ளைமாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

எமில்டா ஒரு விநாடி யோசிக்கத்தான் செய்தாள். பதினைந்து, பதினைந்து என்று இழுத்துக்கொண்டே போனால் புரோக்கர் கழன்றுகொள்வான், கார் டீச்சரிடமே நின்றுவிடும், ஒரு நட்டமும் இல்லை. ஆனால் சொந்த மீனுக்கு ஆள் வைத்து விலை கேட்கிற படகுக்காரனை அவள் கரையிலிருந்தே விரட்டியிருக்கிறாள்.

"டீச்சர், ஒங்க மீனுக்கு நீங்களே கேக்கக் கூடாது. அது களவு. இந்தக் கேள்வி செல்லாது. வெல எட்டுலதான் நிக்கி" என்றாள்.

"எனக்கு ரூல்ஸ் தெரியாதும்மா" என்றார் டீச்சர், கையை இறக்காமல். "கேக்கணும்னு நெனைக்கவே இல்லை. எட்டுக்கு இந்த மனுஷன்கிட்ட போறாளேன்னு பார்த்தேன். நாப்பத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் அவளை நேராப் பார்க்கறேன். அழகா இருக்காளே! இதை எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!"

பத்மஸ்ரீ துளசிச் செடியிலிருந்து கண்ணை எடுத்தாள். எமில்டாவை ஒரு பார்வை, டீச்சரை ஒரு பார்வை, பிறகு முதன்முறையாக நேராகக் காரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எமில்டாவுக்கு நன்றாகத் தெரியும்.

"பதினெட்டு" என்றாள் பத்மஸ்ரீ.

"இருபத்திரண்டு" என்றார் வாயைத் திறக்காத ரங்கநாத்.

அதற்குப் பிறகு எமில்டாவைப் பார்க்க வேண்டுமே! கால் செருப்பை உதறிவிட்டாள். இங்கே ஓர் அடி, அங்கே ஓர் அடி, குரல் டூவிபுரம் முழுக்கக் கேட்டது. இருபத்தைந்து, இருபத்தாறு, முப்பது. புரோக்கர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு ஓரமாக நின்றான். மதில்மேல் தலைகள் முளைத்தன. முப்பத்தெட்டில் ரங்கநாத் காதைச் சொறிந்தார். கரையில் காதைச் சொறிகிறவன் இன்னும் மூன்று கேள்வி கேட்பான், இவரும் மூன்று கேட்டார். நாற்பதைத் தாண்டியபோது எமில்டா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு கேட்ட ரங்கநாத், பத்மஸ்ரீ நாற்பத்தேழு என்றதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாப்பத்தேழு ஒருதரம்! நாப்பத்தேழு ரெண்டுதரம்! நாப்பத்தேழு லச்சம், மூணுதரம்! டாக்டரம்மாவுக்கு!"

பத்மஸ்ரீ பெருமூச்சு விட்டாள். "அந்தக் கேள்வி செல்லாதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பதான் அந்த எண்ணு, தாளு எல்லாம் நிஜம்னு நம்பினேன்" என்றாள் எமில்டாவிடம்.

கரையில் ஏலக்காரருக்கு நூற்றுக்கு ஐந்து. எமில்டா வாய் திறப்பதற்குள் டீச்சர் "ரெண்டு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்" என்று மனக்கணக்காகச் சொல்லிக் காசோலையையும் எழுதிவிட்டார். எமில்டா வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. தொண்டை கிழியக் கத்தியது அவள், அது அவள் கூலி. ஆனால் கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கூறிய மீனில் ஒன்று, கறிக்கு, ஏலக்காரருக்கு.

"கறி மீனுக்கு நான் எங்கே போவேன்? கதவைக் கழட்டிக் குடுக்கட்டுமா?" என்றார் டீச்சர்.

"கதவு வேண்டாம் டீச்சர். ஒரு தடவ இதுல ஏறி எங்க கரை வரைக்கும் போவணும். நீங்களும் வரணும்."

அப்படித்தான் அன்று மாலை நாலு மணிக்கு பீச் ரோட்டில் அந்த லாரி வந்தது. லாரிமேல் மஞ்சள் சீலா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எமில்டா, பக்கத்தில் மடிசார் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு டீச்சர். பனிமய மாதா கோயிலைத் தாண்டும்போது 'மாதா துணை' கதவைப் பார்த்து ரோட்டில் போன இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். லாரிக்கு முன்னால் ஜாக்சன் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே போனான், அவன்தான் கதவை எழுதியவன் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? பின்னால் தன் காரில் பத்மஸ்ரீ சிரித்துச் சிரித்துப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திரேஸ்புரம் கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது, லாரியைக் கண்டதும் நின்றது. நாற்பத்தேழு என்ற எண் அவர்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. பத்து வருடமாகச் சிரித்தவர்கள் லாரியைச் சுற்றிவந்து பார்த்தார்களே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. எமில்டா இறங்கி, அந்த அமைதியை ஆசை தீர அனுபவித்தாள். பிறகு, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? மீனு கெட்டுப்போவும்" என்று தன் இடத்தில் போய் நின்றாள்.

மணலில் படகுக்காரர் இஞ்ஞாசியின் மீன் ஒரு கூறாகக் கிடந்தது. நீளமாக, பல் துருத்திக்கொண்டு ஐந்து மீன். டீச்சர் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

"இது என்ன மீன்?"

"இதுதான் டீச்சர் சீலா."

"நிஜமாவா? என்ன விலைக்குப் போறது?"

"இந்தக் கூறு ரெண்டாயிரத்துல நிக்கி. அதுக்கு மேல கேக்க ஆள் இல்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் மீனையும், எதிரே கைகட்டி நின்ற ஒற்றை வியாபாரியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொடாத அந்த அம்மாள், மூக்கை மூடியிருந்த தலைப்பை இறக்கிவிட்டு, கையைத் தூக்கினார்.

"ரெண்டாயிரத்து நூறு!"

கரை கொல்லென்று சிரித்தது. வியாபாரி திடுக்கிட்டு, "ரெண்டாயிரத்து இருநூறு" என்றான். பின்னால் நின்ற இன்னொருவன், இவ்வளவு நேரமும் சும்மா நின்றவன், முன்னால் வந்து முந்நூறு என்றான். இஞ்ஞாசி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு டீச்சரையே பார்த்தார்.

"டீச்சர்," என்றாள் எமில்டா, சிரிப்பை அடக்க முடியாமல், "இது ஒங்க மீனு இல்ல. எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க."